நஞ்சு ஒன்றா, இரண்டா? இரட்டைக் கர்ப்பத்தில் ஸ்கேன் சொல்ல வேண்டிய முதல் செய்தி

ஸ்கேன் அறையிலிருந்து "ரெண்டு இருக்கு" என்ற செய்தி வெளியே வந்ததும் வீட்டில் எழும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். யார் வழியில் இரட்டை இருக்கிறது? இரட்டை வாழைப்பழம் தின்றாளா? இரண்டும் ஒரே ஜாடையாக இருக்குமா? நார்மல் டெலிவரி ஆகுமா? கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கிற கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நஞ்சு ஒன்றா, இரண்டா?

நஞ்சு என்று பாட்டிமார் சொல்வது விஷத்தை அல்ல. பிள்ளை பிறந்ததும் "நஞ்சு விழுந்துடுச்சா?" என்று மருத்துவச்சியிடம் கேட்பார்களே, அதுதான். புத்தகத்தில் நஞ்சுக்கொடி என்று எழுதுவோம்; சில ஊர்களில் இளங்கொடி என்பார்கள். கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தாயின் ரத்தத்திலிருந்து பிராணவாயுவையும் சத்தையும் வாங்கி, தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு அனுப்பும் உறுப்பு அது. ஒன்பது மாதமும் குழந்தைக்கு நுரையீரலும் குடலும் அதுவேதான்.

இரட்டைக் கர்ப்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இரு குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரே நஞ்சு இருக்கும். மற்றவற்றில் ஆளுக்கொன்று. ஆளுக்கொன்று என்றால் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி: ஒன்றில் தணல் குறைந்தாலும் மற்றது தன்பாட்டுக்கு எரியும். ஒரே நஞ்சு என்றால் கதை வேறு. ஒரு குழந்தையின் ரத்தக்குழாய்கள் அந்த நஞ்சுக்குள் மற்றக் குழந்தையின் குழாய்களோடு இணைந்திருக்கும். இருவர் உடலிலும் ஓடும் ரத்தம் ஓரளவு பொதுச்சொத்தாகிவிடும். இரட்டைக் கர்ப்பத்தில் ஸ்கேன் மருத்துவர் மிகவும் அஞ்சும் பல சிக்கல்கள் இந்தப் பொதுச்சொத்திலிருந்து கிளம்புகிறவை.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். இரண்டு முட்டைகள் தனித்தனியாகக் கருவுற்றால் ஏறத்தாழ எப்போதும் இரண்டு நஞ்சு. ஒரே முட்டை கருவுற்றுப் பின் இரண்டாகப் பிரிந்தால், எந்த நாளில் பிரிந்தது என்பதைப் பொறுத்து மாறும். முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் இரண்டு நஞ்சு, இரண்டு பனிக்குடம். நான்கிலிருந்து எட்டாம் நாளுக்குள் என்றால் ஒரே நஞ்சு, இரண்டு பனிக்குடம். அதற்கும் பின்னால் என்றால் நஞ்சும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று. ஆகவே அச்சு அசலாக ஒரே ஜாடையில் பிறக்கும் இரட்டையரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு நஞ்சு இருந்திருக்கும். "நஞ்சு ரெண்டு, அப்போ ஜாடை வேற வேறதான்" என்று முடிவு கட்ட முடியாது.

சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு கருக்களை வைத்து இரண்டும் தங்கினால் நஞ்சும் இரண்டாக இருப்பதே வழக்கம். ஆனால் வைத்த ஒரே கரு உள்ளே போனபின் பிரிவதும் உண்டு. அப்படிப் பிரிந்தவை பெரும்பாலும் ஒரே நஞ்சைப் பகிர்கின்றன. "நாங்கள் ஐவிஎஃப், அதனால் தனித்தனி நஞ்சுதான்" என்ற அனுமானம் ஆபத்தானது. ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டில் இது சுருக்கெழுத்தாக வரும். டிசிடிஏ என்றிருந்தால் இரண்டு நஞ்சு, இரண்டு பனிக்குடம். எம்சிடிஏ என்றால் ஒரு நஞ்சு, இரண்டு பனிக்குடம். எம்சிஎம்ஏ என்றால் இரண்டுமே ஒன்று. வாரக் கணக்கு, இதயத்துடிப்பு, நீளம் எல்லாம் எழுதி, இந்த நான்கெழுத்து மட்டும் இல்லாமல் ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தால் அது முழுமையான ரிப்போர்ட் அல்ல. தயங்காமல் திரும்பிப் போய்க் கேட்கலாம். கேட்க வேண்டும்.

காலம் தவறினால் கிடைக்காத தகவல்

இதைப் பார்க்க உகந்த காலம் 11 வாரத்திலிருந்து 14 வாரம் நிறைவதற்குள். குழந்தையின் பிடரியில் உள்ள நீர்ப்படலத்தை அளக்கும் என்டி ஸ்கேன் எடுக்கிற அதே நாளில் பார்த்துவிடலாம். மருத்துவர் தேடுவது குழந்தைகளை அல்ல. இருவருக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வு நஞ்சில் போய்ச் சேருகிற இடத்தை. இரண்டு நஞ்சுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தால், அந்த இடத்தில் நஞ்சின் சதை கொஞ்சம் மேலேறி, சவ்வின் அடியில் முக்கோண மேடாகத் தெரியும். லாம்டா அடையாளம் என்பார்கள். ஒரே நஞ்சு என்றால் மேடு இருக்காது. இழை போன்ற சவ்வு நஞ்சின்மேல் செங்குத்தாக வந்து நிற்கும். அது டி அடையாளம்.

இரண்டு நஞ்சுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டால் திரையில் ஒரே பாளமாகத்தான் தெரியும். அதனால் "பாளம் ஒன்று, எனவே நஞ்சு ஒன்று" என்று எழுதுவதும் பிழையாகலாம். சவ்வின் அடி எப்படி இருக்கிறது என்பதே சான்று. வாரங்கள் போகப்போக அந்த முக்கோண மேடு தேய்ந்து மங்கும். "ஐந்தாம் மாதம் டார்கெட் ஸ்கேனில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் அன்றைக்குப் பார்க்க மேடு இல்லாமலும் போகலாம். எனவே அந்த இடத்தின் படத்தை முதல் மூன்று மாத ரிப்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருப்பது நல்லது. எவ்வளவு முயன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றால், ஒரே நஞ்சு என்று வைத்துக்கொண்டே கண்காணிக்க வேண்டும். கூடுதலாகச் சில ஸ்கேன் எடுத்ததால் வரும் செலவு பெரிதல்ல. தனித்தனி என்று நம்பிச் சும்மா இருந்துவிட்டால் வருகிற இழப்பைத் திருப்ப முடியாது.

இந்தியாவில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. பிற நாடுகளில், தாமதமாக வந்த தாய்க்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: ஒன்று ஆண், ஒன்று பெண் என்று தெரிந்தால் இரண்டு நஞ்சுதான் என்று மருத்துவர் எழுதிவிடுவார். இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டத்தின் தேவையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தக் குறுக்குவழி நமக்கு அடைபட்டிருக்கும்போது, 11-14 வார ஸ்கேனைத் தவறவிடாமல் இருப்பது வேறெந்த ஊரையும்விட இங்கே முக்கியம்.

அதே ஸ்கேனில் இன்னொரு சின்ன வேலையும் நடக்க வேண்டும். எந்தக் குழந்தை ஒன்று, எந்தக் குழந்தை இரண்டு என்று இடத்தோடு சேர்த்துக் குறிக்க வேண்டும்: இடப்பக்கம், வலப்பக்கம்; அல்லது மேலே, கீழே. அடுத்தடுத்த ஸ்கேன்களில் பெயர் மாறிப்போனால் எந்தக் குழந்தை வளர்ந்தது, எது தேங்கியது என்ற கணக்கே குழம்பிவிடும்.

"தண்ணி கம்மியா இருக்காம்"

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் ஸ்கேன் முடிந்து வந்து சொல்லும் வார்த்தைகளில் இது ஒன்று. உடனே வீட்டில் இளநீர் வாங்கி வருவார்கள், "ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது குடி" என்பார்கள். ஒற்றைக் குழந்தையில் தாய் போதுமான அளவு நீர் குடிப்பது சில நேரம் உதவவும் செய்யும். ஆனால் ஒரே நஞ்சுள்ள இரட்டையரில் ஒரு பனிக்குடத்தில் மட்டும் தண்ணீர் குறைந்து மற்றதில் கூடியிருக்கிறது என்றால், அது இளநீரால் சரியாகிற விஷயமே அல்ல. அன்றைக்கே கரு மருத்துவ நிபுணரிடம் போக வேண்டிய விஷயம்.

காரணம் இதுதான். நான்காம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீர் என்பது பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர். பகிர்ந்த நஞ்சுக்குள் ஒரு குழந்தையின் தமனி இன்னொன்றின் சிரையோடு இணைந்திருந்தால், அந்த வழியே ரத்தம் ஒரு திசையில் மட்டும் போகும். எதிர்த்திசையில் ஓடும் வேறு இணைப்புகள் அதைச் சரிக்கட்டும்வரை பிரச்சினை இல்லை. சரிக்கட்டவில்லை என்றால் ஒரு குழந்தை கொடுத்துக்கொண்டே இருக்கும், மற்றது வாங்கிக்கொண்டே இருக்கும். கொடுக்கும் குழந்தைக்கு ரத்தம் குறையக் குறைய அதன் சிறுநீரகம் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; சிறுநீர் குறையும், பனிக்குடம் வற்றும். சில நேரம் சவ்வு உடம்போடு சுற்றி ஒட்டிக்கொள்ள, குழந்தை கருப்பைச் சுவரில் சிக்கியது போல அசையாமல் நிற்கும். வாங்கும் குழந்தைக்கு ரத்தம் மிகுதி. ஓயாமல் சிறுநீர் கழிக்கும், அதன் பனிக்குடம் உப்பும். அதிகம் கிடைப்பதால் அது நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மிகுதியான ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அதன் இதயம் களைத்துப்போகும்.

ஆங்கிலச் சுருக்கெழுத்தில் டிடிடிஎஸ் என்று ரிப்போர்ட்டில் வரும் இந்த நிலை, ஒரே நஞ்சுள்ள கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்தில் வருகிறது. பெரும்பாலும் 16-லிருந்து 26 வாரத்துக்குள். அதனால்தான் ஒரே நஞ்சு என்று தெரிந்ததும் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு மாத இடைவெளி போதாது. ஒரு ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்து, மூன்று வாரத்தில் நிலைமை கைமீறிப் போகக்கூடிய நோய் இது.

ஸ்கேனில் பார்ப்பது இரண்டு பனிக்குடங்களிலும் நீரின் மிக ஆழமான இடத்தை. ஒன்றில் 2 செ.மீ.க்குக் கீழ், மற்றதில் 8 செ.மீ.க்கு மேல் என்றால் டிடிடிஎஸ். 20 வாரம் தாண்டிய பிறகு 10 செ.மீ.யை எல்லையாகக் கொள்வோரும் உண்டு. அடுத்து, கொடுக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை தெரிகிறதா, ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் எப்படி, வாங்கும் குழந்தையின் உடலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்து ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். குவின்டேரோ என்ற மருத்துவர் 1999-இல் வகுத்த படிநிலை இன்றும் அப்படியே வழக்கில் இருக்கிறது. தாய்க்குத் தெரியும் அடையாளமும் ஒன்று உண்டு: சில நாட்களுக்குள் வயிறு திடீரென்று உப்பி, தோல் இறுகி, மூச்சு வாங்குவது. "இரட்டைப் புள்ளைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

நஞ்சுக்குள் இப்படி ஒரு பொது ரத்த ஓட்டம் இருப்பதை ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் ஃபிரெட்ரிக் ஷாட்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விவரித்துவிட்டார். தெரிந்தும் நூறாண்டு காலம் செய்ய முடிந்தது கொஞ்சம்தான்: உப்பிய பனிக்குடத்தில் ஊசி போட்டு நீரை வடித்து, தாயின் மூச்சுத்திணறலைக் குறைத்து, நாளைத் தள்ளுவது. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜூலியன் டி லியா மெல்லிய குழாய்க் கேமராவைக் கருப்பைக்குள் செலுத்தி, நஞ்சின் மேல் தெரியும் இணைப்புக் குழாய்களை லேசரால் அடைக்கத் தொடங்கினார். விளைவைவிடக் காரணத்தைத் தொட்ட முதல் சிகிச்சை அது.

அதன் பயன் 2004-இல் உறுதியானது. ஐரோப்பிய மருத்துவமனைகள் சேர்ந்து 142 தாய்மாரிடம் லேசரையும் நீர் வடிப்பதையும் ஒப்பிட்டன. குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் தாண்டியது லேசர் பிரிவில் 76 விழுக்காடு, மற்றதில் 56. லேசரின் மேன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். பிறகு 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வு, இணைப்புகளைத் தனித்தனிப் புள்ளிகளாக அடைப்பதோடு நிறுத்தாமல் நஞ்சின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை கோடு இழுத்தது போல அடைத்தால் நோய் திரும்பி வருவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. லேசர் முழுப் பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. பனிக்குடம் முன்கூட்டியே உடையலாம், ஒரு குழந்தையை இழக்க நேரலாம், இரண்டையும்கூட. ஆனால் முற்றிய டிடிடிஎஸ்-ஐ ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளும் தங்குவதில்லை.

சிறியது ஏன் சிறியது

"ஒரு குழந்தைக்கு வெயிட் கம்மி" என்று கேட்டதும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தாய்தான். சாப்பிடவில்லை, வேலைக்குப் போனாள், மசக்கையில் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். இதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரே தாய், ஒரே சாப்பாடு, ஒரே கருப்பை. ஒரு குழந்தை நன்றாக வளர்ந்து மற்றது தேங்குகிறது என்றாலே காரணம் தாயின் தட்டில் இல்லை என்று புரிய வேண்டாமா? ஒரே நஞ்சு என்றால் பங்கு சமமாகப் பிரியாமல் போயிருக்கும்: ஒரு குழந்தையின் தொப்புள்கொடி நஞ்சின் நடுவிலும் மற்றதன் கொடி ஓரத்திலோ சவ்விலோ போய் ஒட்டியிருக்கும். இரண்டு நஞ்சு என்றால் அவற்றில் ஒன்று சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். இதைச் சத்துமாவும் பேரீச்சம்பழமும் மாற்றாது.

கணக்கு எளிது. பெரிய குழந்தையின் எடையிலிருந்து சிறியதன் எடையைக் கழித்து, பெரியதன் எடையால் வகுக்க வேண்டும். 1,000 கிராம், 800 கிராம் என்றால் வித்தியாசம் 20 விழுக்காடு. 25-ஐத் தொட்டால் நிபுணர் பார்வை தேவை. ஆனால் ஸ்கேன் சொல்லும் எடை தராசில் நிறுத்த எடை அல்ல. தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளிலிருந்து போட்ட மதிப்பு. பத்து, பதினைந்து விழுக்காடு இப்படி அப்படி இருக்கலாம். இந்த வாரம் ஓரிடம், அடுத்த வாரம் வேறிடம் என்று மாற்றி மாற்றி எடுத்து, எண்கள் ஒத்துப்போகவில்லையே என்று தவிப்பதைவிட ஒரே இடத்தில் தொடர்ந்து பார்ப்பது நல்லது. எடையைவிட அதிகம் பேசுவது சிறிய குழந்தையின் தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர். அது இயல்பாக இருந்தால் பெரும்பாலும் காத்திருக்கலாம். இதயத்துடிப்புகளுக்கு இடையே ஓட்டம் நின்றுபோனாலோ திரும்பி ஓடினாலோ காத்திருக்கும் நாட்கள் எண்ணப்படும்.

ஒரே நஞ்சுள்ள இரட்டையரில், தண்ணீர் அளவு இரண்டிலும் சரியாக இருக்கும்போதே ஒரு குழந்தைக்கு ரத்தசோகையும் மற்றதற்கு ரத்தம் மிஞ்சிக் கெட்டியாவதும் நேரலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இணைப்புகள் வழியே மிக மெதுவாக நடக்கும் கசிவு அது. லேசருக்குப் பின்னும் வரலாம், தானாகவும் வரலாம். குழந்தையின் மூளைத் தமனியில் ரத்தத்தின் வேகத்தை அளந்தால்தான் தெரியும். நீரையும் எடையையும் மட்டும் எழுதிய ரிப்போர்ட்டில் இது அகப்படாது.

ஒன்றை இழந்தபின்

எழுதக் கடினமான பகுதி இது. ஒரே நஞ்சுள்ள இரட்டையரில் ஒரு குழந்தையின் இதயம் நின்றுவிட்டால், வீட்டார் பயப்படுவது இறந்த குழந்தையின் "விஷம்" மற்றதற்குப் பரவும் என்று. விஷம் எதுவும் பரவுவதில்லை. நடப்பது வேறு: ஒருவரின் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்போது, இணைப்புக் குழாய்கள் வழியே உயிரோடிருக்கும் குழந்தையின் ரத்தம் அந்தப் பக்கம் சரிந்து போகிறது. அந்தச் சில நிமிடங்களில் அதன் மூளைக்கு ரத்தம் குறையலாம். ஏறத்தாழ 15 விழுக்காட்டில் மற்றக் குழந்தையும் இறக்கிறது. பிழைத்தவற்றில் கால்வாசிக்கு நரம்பு பாதிப்பு இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு நஞ்சு என்றால் இந்த அபாயம் மிகக் குறைவு.

சேதம் நடந்திருந்தால் அந்த நேரத்திலேயே நடந்து முடிந்திருக்கும் என்பதால், "உடனே ஆபரேஷன் செய்து மற்றதை வெளியே எடுங்கள்" என்று அவசரப்படுவது பெரும்பாலும் உதவாது. குறைமாதத்தின் கேடுகளையும் கூட்டிவிடும். முதலில் மூளைத் தமனி டாப்ளர் பார்த்து ரத்தசோகை இருக்கிறதா என்று அறிவார்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழித்துக் குழந்தையின் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். அந்த வாரங்களைக் கடப்பது எவ்வளவு கொடுமை என்று கடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பிள்ளைக்குத் துக்கம் காக்கவும் முடியாமல், இன்னொன்றுக்கு மகிழவும் முடியாமல் இருக்கும் பெண்ணிடம் "ஒண்ணாவது இருக்கே, சந்தோஷப்படு" என்று சொல்லாமல் இருப்பதுதான் சுற்றியிருப்பவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி.

யாரிடம், எப்போது

கரு மருத்துவ நிபுணர், பேச்சுவழக்கில் ஃபீட்டல் மெடிசின் டாக்டர், மகப்பேறு மருத்துவருக்கு மாற்று அல்ல. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே பிரசவம்வரை கூட இருப்பார். நிபுணர் வயிற்றுக்குள் இருக்கும் இருவரையும் நோயாளிகளாகப் பார்ப்பவர். சென்னை, கோவை போன்ற நகரங்களில் இதற்கென்றே மையங்கள் உண்டு. சிறு ஊரிலிருந்து போக ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் யார் கட்டாயம் போக வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு நஞ்சு, எடை சமம், நீர் சமம் என்றால் உள்ளூரிலேயே நான்கு வாரத்துக்கொரு ஸ்கேனோடு பார்த்துக்கொள்ளலாம். ஒரே நஞ்சு என்றால் 16-ஆம் வாரத்துக்குள் ஒருமுறையாவது நிபுணரைப் பார்த்து, அடுத்த ஸ்கேன்களை யார், எங்கே எடுப்பது என்று திட்டமிட வேண்டும். ஒரே நஞ்சோடு பனிக்குடமும் ஒன்று என்றால் கேள்வியே இல்லை. இரு தொப்புள்கொடிகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் அந்த அரிய கர்ப்பம் தொடக்கத்திலிருந்தே பெரிய மையத்தில் இருக்க வேண்டும்.

"இத்தனை ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது" என்ற பேச்சும் வரும். அல்ட்ராசவுண்ட் எக்ஸ்ரே அல்ல. அது ஒலி அலை. மருத்துவத் தேவைக்காக எடுக்கும் ஸ்கேன்களால் குழந்தைக்குக் கேடு என்று நிறுவப்படவில்லை. எடுக்காமல் விட்டால் நேரும் கேடு என்னவென்று மேலே பார்த்தோம். அதேபோல், இரட்டை என்றதும் மாதக்கணக்கில் கட்டிலோடு கிடக்கச் சொல்வதும் குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை; கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். நஞ்சு ஒன்றானாலும் இரண்டானாலும் கவனிக்க வேண்டியது தாயின் ரத்த அழுத்தம். இரட்டைக் கர்ப்பத்தில் அது ஏறும் வாய்ப்பு அதிகம். வேறு காரணமும் சேர்ந்திருந்தால் 12-ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பதை டாக்டர் யோசிப்பார். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

வளைகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் பூட்டித் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். இரட்டைக் கர்ப்பத்தில் ஒன்பதாம் மாதம் என்பது பல நேரம் பிரசவத்துக்குப் பின்னால் வருகிறது. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். எதுவும் சிக்கல் இல்லாவிட்டாலும், இரண்டு நஞ்சு என்றால் 37 வாரத்தையும், ஒரே நஞ்சு என்றால் 36 வாரத்தையும், பனிக்குடமும் ஒன்றென்றால் 32-34 வாரத்தையும் ஒட்டிப் பிரசவத்தைத் திட்டமிடுகிறார்கள். விழாவை முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள், தாய்வீட்டுக்கும் போங்கள். ஆனால் போகும் ஊரில் இரண்டு குறைமாதக் குழந்தைகளை ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய என்ஐசியு (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். 11-14 வார ரிப்போர்ட் உட்பட எல்லா ரிப்போர்ட்டும் சீர்வரிசையோடு சேர்ந்து போக வேண்டும். புதிய ஆஸ்பத்திரியின் டாக்டர் ஏழாம் மாதத்தில் நஞ்சு ஒன்றா இரண்டா என்று தாமாக நிச்சயமாகக் கண்டுபிடிப்பது கடினம்.

சிசேரியன்தானா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பல நாடுகளில் ஏறத்தாழ 2,800 பெண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, 32 வாரம் தாண்டி, முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால், திட்டமிட்ட சிசேரியனால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை இல்லை என்று காட்டியது. இரண்டாவது குழந்தையை எடுக்கப் பழகிய கை அருகில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே பனிக்குட இரட்டையருக்கு மட்டும் சிசேரியன்தான் வழக்கம்.

பிறந்ததும் முதல் குழந்தையின் தொப்புள்கொடியில் ஒரு கிளிப், இரண்டாவதன் கொடியில் இரண்டு கிளிப் போடுவார்கள், நஞ்சு வெளியே வந்தபின் எந்தப் பங்கு யாருடையது என்று தெரிவதற்காக. நெதர்லாந்தின் லெய்டனில் மருத்துவர்கள் இந்த நஞ்சுகளின் குழாய்களில் சாயம் ஏற்றிப் பார்த்துத்தான், ஸ்கேனில் தெரியாத அந்த மயிரிழை இணைப்புகளின் மெதுவான கசிவை ஒரு தனி நோயாக அடையாளம் கண்டார்கள். முன்பெல்லாம் நஞ்சை நாய் தோண்டாத ஆழத்தில் வீட்டருகே புதைப்பார்கள். இப்போது ஆஸ்பத்திரிக் கழிவோடு போய்விடுகிறது. குழந்தைகளுக்குள் எடை வித்தியாசம் இருந்தாலோ, ஒன்று வெளுத்தும் மற்றது சிவந்தும் பிறந்தாலோ, ஒன்றை இழந்திருந்தாலோ, அதை எறிவதற்கு முன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வலி எடுத்தபிறகு அதை நினைவு வைத்திருக்க யாருக்கும் முடியாது.